வான்கோழிப் பை

வின்னிபெக் நகரில் ஒரு முதியோர் இல்லத்தின் குசினியில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். தலைமைச் சமையல்காரி டோனா ஆறு பெரிய வாளிகளையும் ஒரு பெட்டி நிறையப் பைகளையும் காட்டி, "லைன் த பக்கெட்ஸ்" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் ஆறு வாளிகளையும் சுவரோரமாக வரிசையாக நிறுத்தினேன். ஒன்று கொஞ்சம் விலகி நிற்பதுபோல் இருந்தது. அதையும் நேராக்கினேன். திரும்பி வந்த டோனா வாளிகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும் ஒரு பையை உதறி விரித்து வாளிக்குள் இறக்கி, விளிம்பைச் சுற்றி மடித்துவிட்டாள். எனக்கு உடனே விளங்கிவிட்டது. என் ஊரான கல்லடியில் நான் தையல் வேலை செய்தவள். சட்டைக்கு உள்ளே வைத்துத் தைப்பதும் லைனிங்தானே. இந்த நாட்டில் வாளிக்கும் லைனிங் போடுகிறார்கள்.

அந்தப் பையை விரித்தால் என் நெஞ்சு உயரம் வரும். பிளாஸ்டிக்தான், ஆனால் கண்ணாடிபோல் இருக்கும், மணமே கிடையாது. பத்துக் கிலோ வான்கோழியை முழுதாக அதற்குள் இறக்குவோம். உப்பும் சீனியும் மிளகும் தோடம்பழத் தோலும் போட்டுக் காய்ச்சி, நன்றாகக் குளிரவைத்த தண்ணீரைப் பறவை மூழ்கும்வரை ஊற்றுவோம். காற்றைப் பிதுக்கி வெளியேற்றி, பையின் வாயை முறுக்கிக் கட்டிக் குளிர் அறையில் வைத்துவிட்டு, மறுநாள் எடுத்துச் சுடுவோம். ஊரில் ஒரே ஒருமுறை வான்கோழி தின்றிருக்கிறேன். அதன் நெஞ்சுப் பகுதி வைக்கோலை மென்றதுபோல் இருந்தது. இங்கே டோனா அதே பகுதியை வெட்டியபோது கத்தி வழியே சாறு இறங்கியது. பல் இல்லாதவர்கள்கூட இரண்டாவது துண்டு கேட்டார்கள். உப்புத் தண்ணீர், ஒரு பை, ஒரு நாள் பொறுமை. இவ்வளவுதானா என்று அதிசயித்தேன்.

பிறகொரு நாள் அந்தப் பைகள் முடிந்துவிட்டன. அலுமாரியில் அதே அளவில் வெள்ளைக் குப்பைப் பைகள் இருந்தன. புத்தம் புதியவை. ஒன்றை எடுத்துப் பறவையை ஊறப்போட்டேன். டோனா கண்டதும் பையோடு, தண்ணீரோடு, வான்கோழியோடு எல்லாவற்றையும் தூக்கி வீசினாள். "நியூ பேக், கிளீன் பேக்" என்று நான் வாதாடினேன். அவள் கோபப்படவில்லை. குப்பைப் பையில் சேர்க்கும் சாயமும் வாசனையும் உப்புத் தண்ணீரில் இறங்கி இறைச்சிக்குள் போய்விடும் என்று நிதானமாகச் சொன்னாள். முடிந்துபோன பைகளின் வெறும் பெட்டியில் அச்சிட்டிருந்த கிண்ணமும் முள்ளுக்கரண்டியும் கொண்ட சின்னத்தைத் தொட்டுக் காட்டினாள். இது உணவைத் தொடலாம், அது தொடக் கூடாது. மாதக்கணக்கில் ஒருவரும் எட்டிப் பார்க்காத கிழவர்களும் கிழவிகளும் அங்கே இருந்தார்கள். அவர்களுடைய தட்டுக்கு வரும் இறைச்சி எந்தப் பைக்குள் கிடந்தது என்பதுவரை முகம் தெரியாத யாரோ ஒருவர் யோசித்து வைத்திருக்கிறார். அன்று எனக்கு இந்த நாட்டின் மேல் ஒரு மரியாதை வந்தது.

போன டிசம்பரில் நத்தாருக்கு ஊர் போனபோது அந்தப் பைகளில் ஒரு கட்டு வாங்கிக்கொண்டு போனேன். என் தம்பி ஜெயம் கல்லடிக் கடற்கரையில் மீன்பிடிக்கிறவன். அவன் மனைவி ரூபி இரண்டு முழு ஆட்டுத்தொடைகளை வைத்துக்கொண்டு எந்தச் சட்டியில் ஊறவைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தாள். நான் பையை உதறி விரித்ததும் ஓர் அடி பின்னால் போனாள்.

"என்ன மச்சாள் இது? ஆளையே போட்டுக் கட்டலாம் போல இரிக்கி."

ஒருவரும் சிரிக்கவில்லை. பல வருடங்களுக்கு முன் சுனாமியாகக் கடல் ஊருக்குள் வந்த அந்த நத்தாருக்கு மறுநாள், பெரிய பைகள் எதற்குத் தேவைப்பட்டன என்பது கல்லடிக்குத் தெரியும். ஜெயம்தான் எழுந்து வந்து பையைப் பிடித்தான். "நீங்க இறைச்சியப் போடுங்க அக்கா. நான் புடிக்கன்." எருமைத் தயிரும் இஞ்சியும் உள்ளியும் மிளகும் மஞ்சளும் உப்பும் குழைத்து ஊற்றி, காற்றைப் பிதுக்கிக் கட்டினேன். சட்டியில் என்றால் தொடையின் பாதிகூட நனையாது. பைக்குள் அதே கொஞ்சத் தயிர் தொடை முழுவதையும் தோல்போல் ஒட்டி மூடியது. ரூபி குனிந்து குனிந்து பார்த்தாள். அடுத்த நாள் சமைத்து எடுத்தபோது கத்தி வைக்காமலே இறைச்சி எலும்பை விட்டுக் கழன்றது. மிச்சப் பைகளை என்னைக் கேட்காமலே அவள் எடுத்துப் பூட்டிவிட்டாள். அவளிடம் கெஞ்சி இரண்டை ஜெயம் தன் மீன்பிடிப் போட்டுக்கு வாங்கினானாம். கரைந்த ஐஸ் தண்ணீருக்குள் கிடந்தால் மீன் வெளுத்துப்போகும் என்பதால், ஐஸைப் பைக்குள் போட்டுக் கட்டி வைக்கத் தொடங்கினான்.

இந்த வருடம் ஒரு காலை, நான் குசினியில் நிற்கும்போது ரூபியின் அழைப்பு வந்தது. ஜெயமும் சேகர் என்ற கூட்டாளியும் போன போட் இரண்டு நாளாகத் திரும்பவில்லை. டோனா என்னைக் கதிரையில் இருத்தினாள். அன்று முழுவதும் என் வேலையையும் அவளே செய்தாள். மறுநாள் மாலைதான் செய்தி கிடைத்தது. எஞ்சின் பழுதாகித் தெற்கே அடித்துப்போன போட்டைப் பொத்துவில் பக்கத்து மீனவர்கள் கண்டு கட்டி இழுத்து வந்திருந்தார்கள். இருவருக்கும் உயிருக்கு ஆபத்தில்லை.

ஜெயம் தொலைபேசியில் பேசியபோது குரல் கரகரத்தது. "தண்ணிக் கேன் முதல் நாளே முடிஞ்சிற்று அக்கா. மறுகா ஐஸ் பெட்டியத் திறந்தா, உங்கட பைக்குள்ள ஐஸ் கரைஞ்சு தண்ணியா நிக்கிது. மீன் மணமும் இல்ல, ஒண்ணும் இல்ல. அதத்தான் மூடியில ஊத்தி ஊத்திக் குடிச்சம்."

இங்கே நான் உப்புத் தண்ணீரை உள்ளே வைத்துக் கட்டுகிறேன். அங்கே உப்புத் தண்ணீர் கண்ணுக்கெட்டிய தூரமெல்லாம் வெளியே கிடக்க, நடுவில் ஒரு மெல்லிய தாள் இரண்டு மனிதரின் குடிதண்ணீரைத் தாங்கியிருக்கிறது. ஓடிப்போய் டோனாவிடம், "மை பிரதர் டிரங்க், யுவர் பேக், த்ரீ டேஸ்!" என்றேன். மூன்று நாளும் அவன் குடிவெறியிலா இருந்தான் என்று அவள் முகம் சுருக்கிக் கேட்டாள். கையாலும் காலாலும் விளங்கப்படுத்தி முடித்தபோது அவள் அங்கிருந்த ஒரு பையை எடுத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, நெடுநேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

நேற்று மாலை நான் குளிர் அறை வாசலில் ஒரு பறவைக்கு உப்புத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது ஜெயம் வீடியோவில் வந்தான். அங்கே விடிந்துகொண்டிருந்தது. எஞ்சின் பழுதான பிறகு முதல்முறையாகக் கடலுக்குப் போகிறான். போகாதே என்று சொல்ல நினைத்தேன்.

"அக்கா, சிக்னல் போகப்போகுது. வாறன்."

"ஓம், போயிற்று வா" என்றேன். படம் அசையாமல் நின்றுவிட்டது. பாதி முகமும் கொஞ்சக் கடலும். ஒரு கையில் போன் திரையில் நின்ற அந்தக் கடலையும் மறு கையில் பையின் வாயையும் பிடித்தபடி நான் நின்றேன். எந்தக் கையை விடுவது என்று தெரியவில்லை.