கோதாவரி மீனும் ஏரிக் கெண்டையும்

வெள்ளைப் பீங்கான் தட்டு ஒன்றில் நீளவாக்கில் கீறி வைத்த மீன் குடல். கல்யாணமான புதிதில் என் கணவரோடு உட்கார்ந்து நான் அதிகம் பார்த்தது அதைத்தான். அவர் மீன் துறையில் மேற்பார்வையாளர். யுத்த காலம், கடைகளில் அரிசி அளந்துதான் கொடுத்தார்கள். ஏரிகளில் மீனைப் பெருக்கினால் ஜனங்கள் வயிறு நிறையும் என்று அவரைக் கடத்தூருக்கு அனுப்பியிருந்தார்கள். கோதாவரிப் பக்கத்திலிருந்து பானைகளில் ரயிலேறி வந்த குஞ்சுகளைப் பொம்மிடி ஸ்டேஷனில் இறக்கி, மாட்டு வண்டியில் கொண்டுவந்து, தம் கையாலேயே ஏரியில் விட்டார். கைக்குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றுகிறவரைப் போலப் பானையை மெல்லச் சாய்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அந்த மீன் தின்பது வேறு, ஏரிக் கெண்டை தின்பது வேறு என்று மேலதிகாரிகள் சொல்லியிருந்தார்கள். அதையே அவரும் ஊராரிடம் சொன்னார். நன்றாக வளரும்வரை அரசாங்க மீனை யாரும் பிடிக்கக் கூடாது என்றும் உத்தரவு.

மறு கோடையில் ஏரி பாதியாக வற்றியது. கரையில் வலை போட்டுப் பிழைக்கும் ஓர் ஆத்தா எங்கள் வாசலில் கூடையைக் கவிழ்த்தார். கெண்டைகள் தலை பெருத்து, உடல் ஒட்டிக் கிடந்தன.

"பாருங்கய்யா, முள்ளுந்தான் இருக்குது. உங்க மீனு எங்க மீனோட தீனியத் தின்னுப்புடுச்சி. இத யாரு வாங்குவாங்க? வூட்ல அஞ்சு வயிறு காயுது."

"மழை இல்லீங்க ஆத்தா, அதனாலதான்" என்றார் அவர். குரலில் கோபம் இருந்தது. ஆனால் அன்று மாலையே இரண்டு வகை மீனையும் கொண்டுவந்து அறுத்தார்.

முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நானும் பூதக்கண்ணாடி வழியே பார்த்தேன். மழைக்காலத்தில் பிடித்து ஸ்பிரிட்டில் போட்டு வைத்திருந்த கெண்டையின் வயிற்றில் பூச்சியும் புழுவும் இருந்தன. அதே சமயம் பிடித்து வைத்த கோதாவரி மீனின் வயிற்றில் பாசி. அதிகாரிகள் சொன்னது பொய்யில்லை. ஆனால் இப்போது தண்ணீர் சுருங்கி, பூச்சி புழுவும் அருகி, வேலம்பாசி என்னும் நீர்ப்பாசி ஓர் ஓரத்தில் மட்டும் மிஞ்சியிருந்தது. இரண்டு மீனும் அங்கேதான் முண்டியடித்தன. அன்று அறுத்த இரண்டின் குடலிலும் அதே பச்சைக் கூழ். கெண்டையின் குடலில் அதுவும் பாதிக்குமேல் இல்லை.

அவர் கத்தியைத் தட்டின் ஓரத்தில் வைத்தார். "மழை வந்தா சரியாயிடுமில்லீங்களா?" என்றேன்.

"வர்ற வரைக்கும் அவங்க என்னத்தத் திம்பாங்க?" என்றார்.

மறுநாள் காலை ஏரிக்கரைக்குப் போனார். நானும் உடன் போனேன். எல்லோரும் கேட்க, "நான் சொன்னது தப்புங்க ஆத்தா. தண்ணி கொறைஞ்சா ரெண்டும் ஒண்ணத்தான் தின்னுது. கோதாவரி மீன இப்பவே புடிச்சிக்குங்க" என்றார். மேலிடத்தில் அவர் அனுமதி கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் வருவதற்குள் ஏரி காய்ந்திருக்கும். அந்த வாரம் கடத்தூரில் மீன் குழம்பு மணக்காத வீடு குறைவு. அடுத்து வந்த பானைகளையும் ரயிலிலிருந்து இறக்காமல் திருப்பி அனுப்பிவிட்டார்.

விளக்கம் கேட்டார்கள். கொடுத்தார். வரவிருந்த உத்தியோக உயர்வு நின்று, மாற்றல் வந்தது. இன்று எந்த மீன் எதைத் தின்னும் என்று பார்த்துத்தான் குஞ்சு விடுகிறார்கள். அன்று அதைச் சொன்னவர் கீழ்ப்படியாதவர் என்று பெயரெடுத்தார். அதற்காக அவர் வருந்தி நான் பார்த்ததில்லை. கெண்டை தேறியதா என்பதைத்தான் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார்.

நாங்கள் ஊரை விட்டுப் புறப்பட்ட அன்று ஆத்தா வண்டியை நிறுத்தினார். "உங்க மீனு ருசியாத்தான் இருந்துச்சிங்கய்யா. ஏரி ரொம்புனதும் கொண்டாந்து வுடுங்க" என்றார்.

பல நாட்களுக்குப் பிறகு என் கணவர் வாய்விட்டுச் சிரித்தார். "நான் வரமாட்டேனுங்க ஆத்தா. வர்ற ஆபீசர்கிட்டக் கேளுங்க. ஆனா ஏரி ரொம்புனதுக்கப்புறம் மட்டும் கேளுங்க."