தேங்காய்க்கு இரண்டாயிரம்

தேங்காயை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு விளை என்று நாங்கள் சொல்லும் தோட்டத்தைச் சுற்றி நடப்பவருக்கு ஒரு விளைக்கு இரண்டாயிரம் ரூபாய். அதே விளையில் முந்தின நாள் கம்பிகளை மண்ணில் அடித்து, மின்சாரம் செலுத்தி, மீட்டரைப் படித்து, வரைபடம் போட்டு, தண்ணீர் எங்கே இருக்கிறது என்று எழுதிக் கொடுக்கும் எனக்கு மாதம் ஒன்பதாயிரம். மாதத்துக்குப் பதினைந்து விளை. அதாவது விளைக்கு அறுநூறு. கணக்கு எனக்கு எப்போதும் வேகமாக வரும்.

நான் நிலவியல் பட்டதாரி. கல்லூரியின் விளம்பரத் தாளில் எண்ணெய்க் கிணறு, சுரங்கம், செயற்கைக்கோள் எல்லாம் படமாக இருந்தன. ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் லாரி மட்டும் இல்லை. மூன்று வருடக் கட்டணத்துக்கும் விடுதிக்கும் வங்கிக் கடன். கூடக் கையெழுத்துப் போட்டவர் அப்பா, கீரிப்பாறை எஸ்டேட்டில் ரப்பர் பால் வெட்டுகிறவர். தவணை நாலாயிரத்து இருநூறு. பஸ், சாப்பாடு, வீட்டுச் செலவு போக மிஞ்சாமல் இரண்டு தவணை தவறிவிட்டது. வங்கி அப்பாவின் போனுக்குச் செய்தி அனுப்பியது, ஆங்கிலத்தில். அவர் அதை எஸ்டேட் ஆபீஸ் கிளார்க்கிடம் காட்டி வாசிக்கச் சொல்லியிருக்கிறார். மூன்றாவதும் தவறினால் வீட்டுக்கே ஆள் வருமாம். அன்றிலிருந்து அந்தக் கிளார்க்கை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் ஒரு பாவமும் செய்யவில்லை, தெரியும். இருந்தாலும்.

படிப்பை நான் குறை சொல்ல மாட்டேன். முட்டத்துப் பாறையில் சிவப்பு மணிகளைத் தடவிப் பார்த்து, இது கார்னெட், இந்தக் கல் பூமிக்குள் எத்தனையோ கிலோமீட்டர் ஆழத்தில் வெந்தது என்று புரிந்த மத்தியானம், நேரம் போனது தெரியாமல் கடைசிப் பஸ்ஸைத் தவறவிட்டேன். அந்த மத்தியானத்துக்கும் சேர்த்துத்தான் இப்போது வட்டி ஓடுகிறது.

முதலாளிக்கு இரண்டு போர் லாரி. நான் எழுதிக் கொடுக்கும் சீட்டு லாரி டிரைவருக்குப் போகிறது என்றுதான் நினைத்திருந்தேன். தேங்காய் அண்ணாச்சி வீட்டுக்காரர்களின் திருப்திக்காக வருகிறவர் என்று முதலாளியே சொல்லியிருந்தார். ஆனால் விளைக்கு விளை நான் சொன்ன இடத்திலேயே படுத்த தேங்காய் எழுந்து நின்றது. தனக்கு ஓ பாசிட்டிவ் ரத்தம், அதனால்தான் நிற்கிறது என்பார் அண்ணாச்சி. நான் பி பாசிட்டிவ். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், பழைய பாடப்புத்தகத்தை எடுத்துத் தேடியும் பார்த்தேன்.

பிறகு தக்கலைப் பக்கம் ஒரு விளை வந்தது. முப்பது வருடம் பள்ளியில் அறிவியல் நடத்தி ஓய்வுபெற்ற டீச்சருடையது. மீட்டர் வைத்துச் சீட்டு எழுதிக் கொடுத்த மறுநாள் காலை பஸ்ஸில் உட்கார்ந்து போனில் வரைபடத்தைப் பார்த்தபோது தலையில் இடி விழுந்தது. பாழுங்கிணற்றுக்கு மேற்கே பன்னிரண்டு மீட்டர் என்பதை, கிழக்கே என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். கிழக்கே வெடிப்பே இல்லாத கரும்பாறை. துளைத்தால் டீச்சரின் பணம் தூளாகப் பறக்கும். முதலாளி போனை எடுக்கவில்லை. இறங்கி, ஆட்டோ பிடித்து ஓடினேன்.

நான் போய்ச் சேரும்போது கிணற்றுக்குக் கிழக்கே, சரியாகப் பன்னிரண்டு மீட்டரில், அண்ணாச்சியின் கையில் தேங்காய் செங்குத்தாக நின்றுகொண்டிருந்தது. என் தப்பின்மேல் நின்றது.

மீட்டர் வேறு இடம் காட்டுகிறது என்று டீச்சரிடம் சொன்னேன்.

"மீட்டரு கெடக்கட்டு மோளே. தேங்கா சொன்னாத்தான் எனக்கு நம்பிக்க."

அறிவியல் டீச்சர். நான் அண்ணாச்சியின் பக்கத்தில் போய் மெதுவாகச் சொன்னேன்: "அண்ணாச்சி, சீட்டுல மாத்தி எழுதிட்டேன். மேக்க பன்னிரண்டு."

அவர் முகம் அசையவில்லை. "மொதல்லயே ஒழுங்கா எழுதப்பிடாதா மக்கா?"

பிறகு சத்தமாக, நீரோட்டம் நழுவுகிறது, மறுபடி பார்க்க வேண்டும் என்றார். தேங்காயைப் படுக்க வைத்தார். மேற்கே நடந்தார். பன்னிரண்டாவது மீட்டரில் அது எழுந்தது. டீச்சர் கும்பிட்டார்.

லாரியோடு வந்திருந்த முதலாளி என்னை அதன் பின்னால் கூப்பிட்டார்.

"ஒன்ன ஆரு இங்க வரச் சொன்னா?"

"எனக்குப் பதினஞ்சாயிரம் வேணும்."

"ஏட்டி, மெரட்டுதியா?"

"ஆமா."

"ஒன்ன மாதிரிப் படிச்சவ எட்டாயிரத்துக்கு வருவா."

வருவாள். அதுவும் எனக்குத் தெரியும். அவளும் கடனில்தான் படித்திருப்பாள்.

"வரட்டு. அவளும் கெழக்கையும் மேக்கையும் மாத்தி எழுதுனா தேங்கா எங்க நிக்கும்னு டீச்சர்ட்ட கேட்டுப் பாப்பமா?"

அவர் டீச்சர் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, பன்னிரண்டாயிரம் தருகிறேன், வாயைத் திறக்கக்கூடாது என்றார். சரி என்றேன். அந்தச் சரியைச் சொன்னதற்காக என்மேலேயே எனக்கு வந்த எரிச்சல், அவர்மேல் வந்ததைவிடக் கொஞ்சம் அதிகம்.

டீச்சருக்குத் தண்ணீர் கிடைத்தது. அண்ணாச்சிக்குக் கூலிக்கு மேல் ஒரு வேட்டியும் கிடைத்ததாகக் கேள்வி.

மூன்றாம் தவணையைக் கட்டினேன். அப்பாவின் போனுக்கு மறுபடி செய்தி வந்தது, மறுபடி ஆங்கிலத்தில். அவர் என்னிடம் காட்டவில்லை. கிளார்க்கிடமே கொண்டுபோனார்.

"பைசா கெட்டியாச்சுன்னு வந்திருக்காம்," என்றார் வீட்டுக்கு வந்து. "பிள்ளைக்கு என்ன வேலன்னு கேட்டாரு. தண்ணி கண்டுபிடிக்கிற வேலன்னு சொன்னேன்."

"அதுக்கு என்ன சொன்னாரு?"

அப்பா சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார்.

"தேங்கா வச்சா கண்டுபிடிக்கதுன்னு கேட்டாரு."