ஆடிக் காற்றில் நாற்பதடிப் பெட்டி: ஆறுமுகநேரியிலிருந்து தூத்துக்குடிக்கு என் முதல் தனி ஓட்டம்

திருச்செந்தூர்–தூத்துக்குடி சாலையைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் காரில் போனவர்கள். கோயில், கடல், கருப்பட்டி என்று முடித்துவிடுவார்கள். போன ஆடி மாதம் ஒரு புதன்கிழமை அதே சாலையில் நான் நாற்பதடி டிரைலர் ஓட்டிப் போனேன். டிரைவர் தொழிலுக்கு வரலாமா என்று யோசிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். காரில் போகிறவர்களும் படிக்கலாம், எங்களுக்கு இடது பக்கம் நுழையாமல் இருக்கவாவது உதவும்.

எனக்கு ஊர் நாசரேத். அப்பா, அம்மா, அத்தை எல்லோரும் ஆசிரியர்கள். நானும் பி.எட். முடித்தேன். அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் காலியிடம் இருப்பதாகச் சொன்னார்கள். அதற்கு அவர்கள் கேட்ட தொகைக்குப் பழைய லாரி ஒன்றே வாங்கிவிடலாம். கேட்டவர் முதலில் கண்ணை மூடி ஜெபம் பண்ணிவிட்டு, பிறகுதான் தொகையைச் சொன்னார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை, தீரவும் வேண்டாம். கனரக வாகன உரிமம் எடுத்து, ஒரு வருடம் பெங்களூர் ஓட்டத்தில் இரண்டாவது டிரைவராக இருந்தேன். இரண்டாவது டிரைவர் என்றால், முதல் டிரைவர் தூங்கும்போது ஓட்டுகிறவன். முதல் டிரைவர் விழித்திருக்கும்போது திட்டு வாங்குகிறவன்.

எங்கள் முதலாளி ஏரல்காரர். அவரிடம் கன்டெய்னர் ஏற்றும் டிரைலர் இரண்டு இருக்கின்றன. கன்டெய்னரை நாங்கள் பெட்டி என்போம். அதில் ஒன்றுக்கு ஆள் தேவைப்பட்டது. “தனியா ஒரு பெட்டிய கொண்டு போயி எறக்கு. நேரத்துக்கு எறங்கிட்டுனா வண்டி ஒனக்கு. நேரம் தவறிட்டுன்னா பெங்களூர் வண்டியிலயே தூங்கிட்டு வா” என்றார். நேரம் என்று அவர் சொன்னது கட்-ஆஃப். அதற்குள் பெட்டி துறைமுக யார்டில் இறங்காவிட்டால் கப்பல் அதை விட்டுவிட்டுப் போய்விடும். எனக்குக் கொடுத்த கட்-ஆஃப் மாலை ஆறு மணி. மொத்தத் தூரம் முப்பத்தைந்து கிலோமீட்டர்தான். கேட்டால் சிரிப்பு வரும். எனக்கும் வந்தது, காலையில்.

ஆறுமுகநேரியைத் தாண்டி ஒரு கிட்டங்கியில், அதாவது குடோனில், சரக்கு ஏற்றினார்கள். நிலவாகை இலை. வெளிநாட்டுக்காரர்களின் வயிற்றைச் சுத்தம் செய்யப் போகிற இலை. மூட்டை தைக்கும் பெண்கள் சேலைத் தலைப்பை மூக்கில் கட்டிக்கொண்டு இருமிக்கொண்டே வேலை செய்தார்கள். முகக்கவசம் தரமாட்டார்களா என்று மேஸ்திரியிடம் கேட்டேன். நான் டிரைவரா, அதிகாரியா என்று அவர் திருப்பிக் கேட்டார்.

பெட்டியின் நான்கு மூலைகளையும் டிரைலரோடு பிடித்து வைக்க நான்கு லாக்குகள் உண்டு. கைப்பிடியைத் திருப்பினால் பெட்டி நகராது. எங்கள் பக்கத்தில் பல டிரைவர்கள் அதைப் போடுவதே இல்லை. முதலாளியின் இன்னொரு டிரைலரை ஓட்டும் செல்வமும் அன்று அங்கேதான் ஏற்றிக்கொண்டிருந்தார். நான் லாக்கைத் திருப்புவதைப் பார்த்துவிட்டு வந்தார்.

“ஏலே வாத்தியாரே, லாக்க போடாத. காத்துல சாஞ்சா பெட்டி மட்டும் கீழ போவும். வண்டியும் நீயும் தப்பிச்சிருவிய.”

“பக்கத்துல பைக்குல வாரவன் எங்கண்ணே தப்பிப்பான்?”

“அவனுக்கும் சேத்து நீதான் பாடம் எடுக்கப் போறியோ?”

மூன்று லாக்குகள் சுலபமாகத் திரும்பின. பின்பக்கம் இடது மூலையில் இருந்தது பல காலமாக யாரும் தொடாமல் துருப்பிடித்துக் கிடந்தது. எண்ணெய் விட்டிருக்க வேண்டும். நான் சுத்தியலால் அடித்து மூடினேன். என் முதல் தப்பு அதுதான்.

பகல் பன்னிரண்டரைக்குக் கிளம்பினேன். ஆத்தூர், முக்காணி, ஆற்றுப் பாலம் வரை மரங்களின் மறைவில் காற்று தெரியவில்லை. புன்னைக்காயல் பிரிவில் மீன் கூடை கட்டிய பைக்குகள் சாலையில் வந்து சேர்ந்துகொள்ளும், அங்கே வேகத்தைக் குறையுங்கள். பழையகாயலைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் உப்பளம். அங்கே காற்றைத் தடுக்க ஒரு வேலிகூடக் கிடையாது. மேற்கிலிருந்து அடித்த காற்று பெட்டியின் இடது பக்கத்தை மொத்தமாகத் தள்ளியது. முப்பதுக்கு மேல் போகவில்லை. ஸ்டீயரிங்கை இடப்பக்கம் கொஞ்சம் திருப்பியே வைத்திருந்தால்தான் வண்டி நேராகப் போனது.

இடதுபுறமாக ஒரு பைக் என்னை முந்தியது. கணவன், மனைவி, நடுவில் குழந்தை. முந்தி முடித்ததும் காற்று அவர்களை அப்படியே தள்ளிக்கொண்டு வந்து என் வண்டிக்கு முன்னால் விட்டது. இருந்த பலம் முழுவதையும் பிரேக்கில் போட்டேன். டிரைலர் குலுங்கி நின்றது, பெட்டி தடாலென்று ஒரு சத்தம் போட்டது. அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். அவன் பார்க்கவில்லை, போய்விட்டான். லாக் இல்லாத பெட்டி அங்கே என்ன செய்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை.

இரண்டு மணிக்கு யார்டு வரிசையில் நின்றேன். யார்டின் பெயர் வேண்டாம். வெயிலில் மூன்று மணி நேரம். நிழல் இல்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை, கழிப்பறை இல்லை. உள்ளே குளிர்பதனப் பெட்டிகளில் இறால் மட்டும் சுகமாக இருந்தது. கேட்டில் ஒரு பெரிய பலகை: லாக் போடாத வண்டிக்கு அனுமதி கிடையாது. கேட்டில் இருந்தவர் எந்த வண்டியின் லாக்கையும் குனிந்து பார்க்கவில்லை.

ஐந்தேகாலுக்கு கிரேனுக்கு அடியில் என் முறை வந்தது. பெட்டியைத் தூக்குவதற்கு முன் லாக்குகளைத் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் டிரைலரும் சேர்ந்து மேலே போகும். மூன்று திறந்தன. பின்பக்க இடது மூலை அசையவில்லை. சுத்தியலால் அடித்தேன். கைப்பிடியில் தொங்கினேன். பின்னால் ஹாரன்கள் தொடங்கின. எனக்கு அடுத்து நின்றிருந்தது செல்வத்தின் வண்டி.

மேற்பார்வையாளர் வந்து, வண்டியை வெளியே எடுத்து மறுபடி வரிசையில் வரச் சொன்னார். வரிசை என்றால் இன்னொரு மூன்று மணி நேரம். பெங்களூர் வண்டியின் படுக்கை கண்ணுக்குத் தெரிந்தது.

“சார், லாக்க போடச் சொல்லி போர்டு வச்சது நீங்கதான். இந்த வரிசையில அத படிச்ச மாதிரி வந்தவன் நான் ஒருத்தன். என்னய மட்டும் வெளிய போகச் சொல்லுதிய.”

அவர் வரிசையைப் பார்த்தார். பிறகு கிரேனைப் பார்த்தார். “பக்கத்து வரிசையில ஒரு பெட்டி எடுப்பாங்க. அதுவரைக்கும்தான் உனக்கு டைம்” என்றார்.

கிரேன் நகர்ந்தது. அப்போதுதான் உப்பளத்தில் கேட்ட சத்தம் புரிந்தது. பிரேக் அடித்ததில் பெட்டி முன்னால் ஒரு விரல் அளவு நகர்ந்து, அந்த லாக்கை நெருக்கிக்கொண்டு நின்றது. துருவும் சேர்ந்துகொண்டது. முன்னால் நகர்ந்ததைப் பின்னால் தள்ள வேண்டும். அதற்கு ரிவர்ஸில் போய் பிரேக் அடிக்க வேண்டும். பின்னால் செல்வத்தின் வண்டி முட்டிக்கொண்டு நின்றது. ஓடிப்போய் அவரைப் பின்னுக்கு எடுக்கச் சொன்னேன்.

அவர் எடுத்தார். பிறகு ஒரு பாட்டில் எண்ணெயும் சுத்தியலுமாக இறங்கி வந்தார். நான் முகத்தில் நன்றி காட்டியிருப்பேன் போலிருக்கிறது.

“ஒம்மேல பாசம்லாம் இல்லலே. நீ போனாத்தான் நான் போவ முடியும். போயி ஏறு.”

எண்ணெய் விட்டுவிட்டு அவர் ஒதுங்கி நின்றார். ரிவர்ஸில் நாலடி போய் பிரேக்கை மிதித்தேன். பெட்டி முனகியது. அவர் அடித்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். மறுபடி முன்னால் வந்து, மறுபடி பின்னால் போய், இன்னும் பலமாக மிதித்தேன். இந்தத் தடவை பெட்டி இடித்த சத்தம் கேபின் வரை வந்தது. சுத்தியல் ஒரே அடி. கண்ணாடியில் பார்த்தேன், கைப்பிடி திரும்பியிருந்தது. செல்வம் சுத்தியலைத் தூக்கிக் காட்டினார்.

கிரேன் திரும்பி வந்து என் பெட்டியைத் தூக்கியது. பாரம் இறங்கியதும் டிரைலர் லேசாக எம்பியது. அந்த எம்பல் இருக்கையின் வழியாக முதுகுத்தண்டில் ஏறியது. மேடையேறி வாங்கிய பட்டம்கூட எனக்கு அப்படி ஒரு சந்தோஷத்தைத் தரவில்லை. ரசீதில் நேரம் ஐந்து நாற்பத்திரண்டு. முதலாளிக்கு போன் செய்தேன். “சரி, நாளைக்குக் காலையில கோவில்பட்டிக்கு போ” என்று வைத்துவிட்டார். வண்டி எனக்குத்தான்.

இனி, வர நினைக்கிறவர்களுக்கு. ஆனி, ஆடியில் பழையகாயல் உப்பளத்தைக் காலை ஒன்பதுக்குள் தாண்டிவிடுங்கள், காற்று அதன் பிறகுதான் வெறி பிடிக்கிறது. ஐந்து லிட்டர் தண்ணீர் கேபினில் இருக்கட்டும். முத்தையாபுரத்தில் சாப்பிட்டுவிட்டு வரிசைக்கு வாருங்கள், அங்கே எண்பது ரூபாய்க்கு மீன் குழம்புச் சாப்பாடு கிடைக்கும். லாக் போடுங்கள், வாரம் ஒருமுறை அதற்கு எண்ணெய் விடுங்கள். கேட்டில் யாரும் சோதிக்கமாட்டார்கள். அதனால்தான் போடச் சொல்கிறேன். கழிப்பறை கேட்டுச் சத்தம் போடுங்கள். நான் போட்டுக்கொண்டிருக்கிறேன், இன்னும் கட்டவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வரும்போது அப்பாவின் பழைய சக ஆசிரியர் ஒருவர் என்னைக் காட்டி, தம்பி இப்போது என்ன செய்கிறான் என்று கேட்டார். துறைமுகத்தில் வேலை என்று அம்மா சொன்னாள். பொய் இல்லை, ஆனால் அது போதவில்லை.

“டிரைவர் மாமா. நாப்பதடி டிரைலர்.”

அவர் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். “வாத்தியார் வேல கெடைக்குற வரைக்கும்தான, தம்பி?”

“இல்ல மாமா, பெர்மனென்ட்” என்றேன்.