வலிச்சா அமுக்கணும்

மாதனூரிலிருந்து சென்னை வரை எத்தனை ஸ்பீடு பிரேக்கர் இருக்கிறது தெரியுமா? எனக்குத் தெரியும். போன மாதம் என் அக்கா ஸ்டெல்லாவை ஆஸ்பத்திரிக்குக் காரில் அழைத்துப் போனேன். ஒவ்வொன்றிலும் பின்சீட்டில் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள்.

அக்கா ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் செக்‌ஷன் சூப்பர்வைசர். மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன், கீமோ எல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பியவள். இப்போது வலது இடுப்பெலும்புக்குப் பரவிவிட்டது. ரேடியேஷன் கொடுத்தும் வலி அடங்கவில்லை; அந்தப் பக்கம் சாய்ந்து படுக்கக்கூட முடியாது. அதனால்தான் இந்தப் புது சிகிச்சை.

"அல்ட்ராசவுண்டா? அது வயித்துல புள்ள பாக்குறதாச்சே?" என்றார் மாமா. அக்காவின் கணவர், ஜோலார்பேட்டையில் ரயில்வே வேலை.

டாக்டரம்மா சிரிக்காமல் விளக்கினார். அதே ஒலி அலைதான். ஆனால் பல அலைகளை ஒரே புள்ளியில் குவித்தால் சூடு பிறக்கும். எலும்பின் மேல் வலியைக் கடத்தும் நரம்புகளை அது கருக்கிவிடும். கத்தி கிடையாது.

"இதுல கேன்சர் போய்டுமா டாக்டர்?" அக்கா கேட்டாள்.

"இல்லம்மா. வலிக்கு மட்டும்தான். நிறைய பேருக்குக் குறையுது... எல்லாருக்கும்னு சொல்ல மாட்டேன்."

"கொஞ்சம் கம்மியானா போதும்."

ஸ்கேன் மெஷினுக்குள் படுக்கவைத்து, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார்கள். தாங்க முடியாவிட்டால் அமுக்க வேண்டும், உடனே நிறுத்துவார்கள். அக்கா அமுக்குவாளா? அவள் கால்விரல்கள் மடங்குவதைக் கண்ணாடி வழியே பார்த்து டாக்டரே நிறுத்திவிட்டு உள்ளே போனார்.

"வலிச்சா அமுக்கணும்மா. தாங்குறதுக்கு இங்க மார்க் கிடையாது."

அடுத்த முறை அமுக்கினாள்.

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "நான் அமுக்கினதும் எல்லாரும் நிறுத்திட்டாங்கடா."

எனக்குச் சுருக்கென்றது. வீட்டுக்கு மூத்தவள். அப்பா போனபோதும், என் படிப்புக்கும், 'ஸ்டெல்லா பாத்துக்குவா' என்றே நாங்கள் பழகிவிட்டோம். தாங்குகிறவர்களிடம் வலிக்கிறதா என்று நாம் எப்போதாவது கேட்கிறோமா?

முதல் இரண்டு நாள் வலி கூடத்தான் செய்தது. மாமா பேஜாராகிவிட்டார். பிறகு மெல்ல மெல்ல இறங்கியது.

பத்தாவது நாள் மதியம் போன் செய்தேன். மாமாதான் எடுத்தார். குரலைத் தாழ்த்தி, "அப்பறம் பேசு மாப்ள. உங்கக்கா தூங்குறா... அந்த இடுப்புப் பக்கமே சாய்ஞ்சி படுத்துனு" என்றார்.

எந்த மெடிக்கல் ரிப்போர்ட்டிலும் இவ்வளவு நல்ல வரியை நான் படித்ததில்லை.