அவருடைய சட்டை அளவு

சாம்பல் நிறத்தில் கட்டம் போட்ட முழுக்கைச் சட்டை அது. அலங்காநல்லூர்ப் பக்கம் கரும்பு வெட்டக் கூலிக்குப் போன காலத்தில், சேலைக்கு மேலே வீட்டுக்காரரின் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் நாங்கள் காட்டில் இறங்குவோம். இல்லாவிட்டால் தோகை கையை அறுத்துவிடும். தோள் தையல் என் தோளைவிட்டு இரண்டு விரல் கீழே இறங்கிக் கிடக்கும். கைநுனி விரலை மூடும். எங்கள் வீட்டில் உருப்படியான சட்டை அது ஒன்றுதான். "ஏ புள்ள, இத நீ மாட்டிக்கிட்டா நான் ஊருக்குள்ள எதப் போட்டுட்டுப் போறது?" என்பார். "தோள்ல துண்டு கெடக்குல்ல, ஒங்க அழகுக்கு அது போதும்" என்பேன். சிரித்துக்கொண்டே பொத்தானை அவரே மாட்டிவிடுவார். பொழுதுசாய வந்து நான் அலசிப் போட்டால், ஈரம் காயுமுன்னே எடுத்து மாட்டிக்கொண்டு டீக்கடைக்குக் கிளம்பிவிடுவார். காய்ச்சல் என்று படுத்தவர் எழவில்லை. அவர் துணிமணியெல்லாம் சாவு வழக்கப்படி துணி வெளுப்பவர் வீட்டுக்குப் போனது. அந்தச் சட்டையும் போயிற்று. ஒரு போட்டோகூடக் கிடையாது.

அதன் பிறகுதான் தையல் படித்தேன். மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவள் நான். இன்று விளாங்குடியில் இறங்கி என் தையல் யூனிட் எங்கே என்று கேட்டால் எந்த ஆட்டோக்காரரும் கொண்டுவந்து விடுவார். ஆளைப் பார்த்த மாத்திரத்தில் அளவு சொல்லிவிடுவேன். டேப்பு சும்மா ஊருக்காக. பெருமைதான், சொன்னால் என்ன?

போன வருஷம் சென்னையிலிருந்து ஒரு டிசைனர் பெண் வந்தாள். பழைய வேட்டிகளை வீணாக்காமல் சாயம் ஏற்றிப் புது உடுப்பாக்குகிற பிள்ளை. காட்டுவேலைப் பெண்கள் சேலைக்கு மேல் போடும் சட்டையைப் பார்த்து, அதே மாதிரி வேண்டும், ஆனால் பெண்கள் அளவுக்குப் பிடித்துத் தைக்கலாம் என்றாள். நான் விடவில்லை. "பாப்பா, அது ஆம்பளச் சட்ட. தோள் எறங்கி நிக்கணும்." "சரிம்மா, நீங்களே வெட்டுங்க" என்றாள்.

எந்த ஆம்பளையின் அளவு என்று அவள் கேட்கவில்லை. எனக்கு வேறு யார் அளவும் வேண்டியிருக்கவில்லை. ஊரையே அளந்த நான் அவரை அளந்ததே இல்லை. நல்ல உயரம், அகன்ற நெஞ்சு என்பதுதான் என் நினைப்பு. நினைப்பை வைத்துத் துணி வெட்ட முடியாது. அந்தச் சட்டை என் உடம்பில் எங்கெங்கே விழுந்தது என்பது மட்டும் நிச்சயமாகத் தெரியும். அன்றைக்கு நான் இருந்த வாகிலேயே என்னிடம் தைக்கிற ஒருத்தி இருக்கிறாள். அவளைச் சேலையோடு நிறுத்தி, தோள் தையல் இங்கே, கைநுனி இந்த விரல்கணுவில், கீழ்மடிப்பு தொடையில் இந்த மட்டம் என்று பார்த்துப் பார்த்துக் குறித்தேன். பொத்தான் போட்டபின் நெஞ்சருகே ஒரு பிடித் துணி மிஞ்சும். அதையும் விட்டேன்.

"யாருக்கும்மா இம்புட்டு நுணுக்கம்?"

"ஆர்டருக்குத்தான்டி. ஆடாம நில்லு."

தைத்து முடித்தேன். போனில் படம் பார்த்த டிசைனர் பெண், இதே அளவில் அத்தனையும் வேண்டும் என்றாள். யூனிட்டே கைதட்டியது.

மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனபோது அதை எடுத்து மாட்டினேன். தோளில் பிடித்தது. பொத்தான் எட்டவே இல்லை. நான் பெருத்துப்போனது எனக்குத் தெரியும். ஆனாலும் கழற்றி டேப்பை வைத்துப் பார்த்தேன். அவர் நெஞ்சு அம்புட்டுக் குறுகல். கல்லூரிக்குப் போகிற பையன்கள் அந்த அளவில் என்னிடம் வந்திருக்கிறார்கள்.

சட்டையை மேசையில் விரித்து, கைகள் இரண்டையும் நேராக்கி வைத்தேன். இப்போது என்னால் அவரைத் தூக்கிவிட முடியும்.