மால்சுன் எடுக்க விடவில்லை

மால்சுனுக்குக் கணவன்மீது இருந்த ஒரே குறை அவனுடைய நாற்றம்தான். தென்கடலோரக் கொரியத் துறைமுகம் ஒன்றில், நெத்திலியை உப்பில் ஊறப்போட்டு மீன்சாறு வடிக்கும் ஆலையில் பியோங்கோவுக்கு வேலை. எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. "ஜன்னல் பக்கமாப் போய்ப் படுங்க. பூனை தூக்கிட்டுப் போனாலும் எனக்கொண்ணும் நஷ்டமில்ல" என்பாள். சிரித்துக்கொண்டே படுக்கையை இழுத்துக்கொண்டு போவான். விடியும்போது பக்கத்தில்தான் கிடப்பான்.

ஊறல் தொட்டியைக் கழுவ இறங்கியவன்தான், ஏறவில்லை. அடியில் தேங்கிய விஷக்காற்று மூச்சை அடைத்துவிட்டது. காற்றை வெளியேற்ற ஒரு விசிறி கேட்டபோது முதலாளி, "ஊரே நாறுது, தொட்டிக்கு மட்டும் காத்து வேணுமாக்கும்" என்றாராம். கூட வேலை செய்தவர்கள் சொன்னார்கள்.

மூன்றாம் நாள் எடுத்துவிடுவதுதான் வழக்கம். மால்சுன் விடவில்லை. "முதலாளி வந்து இவர் படத்துக்கு முன்னால விழுந்து, என் தப்புன்னு சொல்லட்டும். அப்புறம் எடுக்கலாம்." அநியாயமாய்ச் செத்தவர் வீட்டார் இப்படிச் சடங்கை நிறுத்திவைப்பது அங்கே புதிதல்ல. உடல் ஆஸ்பத்திரிக் குளிர்பெட்டியில் இருந்தது. அங்கேயே கீழ்த்தளத்து அஞ்சலிக் கூடத்தில், வெள்ளைச் சாமந்திகளுக்கு நடுவே படம். அதன்முன் வேளாவேளைக்குச் சோறும் சூப்பும் வைத்து, "ஆறிடும், சாப்பிடுங்க" என்பாள்.

நாத்தனார் ஜோங்கிம் முணுமுணுத்தாள். "அண்ணனுக்குக் குளிருமே, அண்ணி."

"உறைபனியில சட்டையில்லாம நின்னு மீன் இறக்கினவரு உங்கண்ணன். குளிராது, போ."

தொழிலாளர் வழக்குப் பார்க்கும் பெண் வக்கீல் பெக் வந்தாள். "பிரேதப் பரிசோதனை முடிஞ்சிடுச்சுக்கா. இனிமே எடுத்தாலும் கேஸ் கெடாது. வேலையில செத்ததுக்கு அரசாங்க இழப்பீடு, யார் தப்புன்னு பாக்காம வரும். முதலாளி மேல தனியா நஷ்டஈட்டு வழக்கும் போடலாம். கிரிமினல் கேஸ் அதுபாட்டுக்கு நடக்கும். 'தண்டனை வேண்டாம்'னு ஒரு தாளை நீட்டுவாங்க. நீங்க கையெழுத்துப் போட்டா தண்டனை குறைஞ்சிடும், பாத்துக்கோங்க."

"எடுத்தாலும் கேஸ் கெடாதா?" மால்சுனின் முகம் விழுந்துவிட்டது. கெடும் என்று இவள் சொல்லியிருக்கக் கூடாதா?

மறுநாள் முதலாளியே வந்துவிட்டார். படத்தின்முன் இருமுறை விழுந்து, "விசிறி வாங்காதது என் தப்பு" என்று அழுதார். அழுகை அடங்கியதும் சட்டைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தார்.

"அழுததை ஏத்துக்கறேன். இதைக் கோர்ட்டுல பேசிக்கலாம்" என்றாள் மால்சுன். அவர் மடித்து வைத்துக்கொண்டு போனார்.

ஜோங்கிம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "வந்துட்டான் அண்ணி! நாம ஜெயிச்சுட்டோம்! இனி எடுத்துடலாம்ல?"

மால்சுனோ, முதலாளி வரவே மாட்டார் என்றல்லவா நம்பியிருந்தாள். அவர் வராதவரை பியோங்கோ இந்தக் கட்டிடத்தில்தான் இருப்பான். சோறு வைக்கலாம். திட்டலாம். அதுவும் போயிற்று.

சவப்பெட்டியில் கிடத்துவதற்குமுன் கடைசியாகப் பார்க்க அழைத்தார்கள். குனிந்து, அவன் கழுத்தோரம் மோந்து பார்த்தாள். வாசனைத் தண்ணீரில் குளிப்பாட்டியிருந்தார்கள். நெத்திலியின் சுவடே இல்லை.

"இவ்ளோ சுத்தமா எங்க கெளம்பிட்டீங்க?" என்றாள்.