யார் வீட்டு நெல் என்று கேட்காதே

பேர்லேண்டிலிருந்து ஜாய் கூப்பிட்டபோது நான் எண்ணெயில் பெருங்காயம் பொரித்துக்கொண்டிருந்தேன். வெஸ்ட் வின்ட்சர் வீட்டு அடுப்படியில் ஒரு ஸ்மோக் அலாரம் இருக்கிறது. அதற்கு என் சமையல் பிடிக்காது. அது ஒரு பக்கம் அலற, போன் ஒரு பக்கம் அலற, இரண்டையும் அடக்கிவிட்டு ஹலோ சொல்ல ஒரு யுகம் ஆயிற்று.

ஜாய் என் பழைய சினேகிதி ரெமியின் மகள். டெக்சாஸில் நர்ஸாக இருக்கிறாள், அம்மாவைத் தன்னோடு வைத்துக்கொண்டிருக்கிறாள். ரெமிக்கு நினைவு தப்பிவிட்டது. சில நாள் மகளையே யாரோ என்கிறாராம். இங்கிலீஷ் மொத்தமும் போய், பிலிப்பைன்ஸில் பிறந்த ஊரின் பாஷை மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஜாய்க்கோ மறந்தது போக அதில் நாலைந்து வார்த்தைதான் தெரியும்.

"ஆன்ட்டி, வானம் கறுத்தா போதும், அம்மா எழுந்து வாசலுக்கு ஓடறாங்க. அள்ளு, அள்ளுங்கிறாங்க. எதை அள்ளணும்னு கேட்டா அழறாங்க. இங்க தினம் மத்தியானம் இடி இடிக்குது. நான் என்ன பண்ணட்டும்?"

இங்கிலீஷில்தான் சொன்னாள். எனக்குள் வந்து சேரும்போது எல்லாமே தமிழாகிவிடும், அப்படியே எழுதுகிறேன். அவளும் சும்மா இருக்கவில்லை. இன்டர்நெட்டில் தேடி அந்த ஊரைப் பற்றி ஒரு பக்கத்தைப் பிடித்து எனக்கு அனுப்பியிருந்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தேன். கடலோர விவசாய ஊர். முக்கிய விளைச்சல் நெல்லும் தென்னையும். மீன்பிடியும் உண்டு. கூடவே மேயர் சிரிக்கிற படம் ஒன்று. இதற்கு ஒரு பக்கமா என்று எனக்குக் கோபம் வந்தது. அந்த ஊரில் நான் காலெடுத்து வைத்ததில்லை, ஆனாலும் வந்தது. ஒரு கல்யாணத்தைப் பற்றிக் கேட்டால் 'சாப்பாடு போட்டார்கள்' என்று மட்டும் சொல்கிற ஆளைப் பார்த்தால் வருகிற கோபம்.

எண்பதுகளின் நடுவில் நாங்கள் ஜெர்சி சிட்டியில், ஜர்னல் ஸ்கொயர் பக்கம் ஒரு பழைய செங்கல் கட்டடத்தில் குடியிருந்தோம். என் கணவருக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கம் மன்ஹாட்டனில் ஒரு பாங்கில் கம்ப்யூட்டர் வேலை. காலையில் ரயிலேறினால் இருட்டித்தான் வீடு திரும்புவார். எதிர்க் கதவு ரெமி, ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நடைவழி முழுக்கக் கருவாட்டு வாசனை. நாங்களோ முட்டைக்கே மூக்கைப் பொத்திக்கொள்கிற குடும்பம்.

"போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வாயேன்" என்றார் கணவர், நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல்.

வீராப்பாகப் போய்த் தட்டினேன். கதவைத் திறந்த ரெமி, நான் வாயைத் திறப்பதற்குள் முந்திக்கொண்டார். "நல்ல வேளை வந்தீங்க. உங்க வீட்ல கேஸ் லீக் ஆகுதா? தினம் காலைல ஒரு நாத்தம் வருது. பயமா இருக்கு."

அது என் பெருங்காயம். சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு, அவர் கொடுத்த டீயையும் விழுங்கிவிட்டு வந்தேன். அன்றைக்கே அவர் எனக்கு ஆத்தே ரெமி ஆகிவிட்டார். ஆத்தே என்றால் அவர்கள் பக்கம் அக்கா.

பொட்டு வைத்த பெண்களைப் பார்த்தால் தெருவில் சில பையன்கள் வம்புக்கு வந்த வருஷங்கள் அவை. அதனால் ஆத்தே என்னைத் தனியாக லாண்டரிக்கு அனுப்பமாட்டார். ட்யூட்டி முடிந்த களைப்போடு தன் மூட்டையையும் தூக்கிக்கொண்டு கூடவே வருவார். மெஷினில் துணி சுற்றுகிற நேரமெல்லாம் அவர் ஊர் வரும். நான் மாம்பலத்துக்காரி. நெல் மரத்தில் காய்க்கிறது என்று யாராவது சொல்லியிருந்தால், எத்தனை உயர மரம் என்று கேட்டிருப்பேன். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்று பள்ளிக்கூடத்தில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன்; ஆடி மாதத்தில் என்ன விதைப்பார்கள் என்று கேட்டிருந்தால் முழித்திருப்பேன். அப்படிப்பட்டவளுக்கு நாற்று, நடவு, களை எல்லாம் சோப்பு வாசனையில், ஜெர்சி சிட்டி லாண்டரியில்தான் பாடமாயின.

முதலில் கடல். கடலை ஒட்டித் தென்னை. தென்னைக்குப் பின்னால் சர்ச், மைதானம், சந்தை. அதற்கப்புறம் ஊரை இரண்டாகப் பிரிக்கிற சிமெண்ட் சாலை. சாலை தாண்டினால் வயல், வயல் முடிகிற இடத்தில் மலை. ஆறு கடலில் சேருகிற சதுப்பில் ஒரு குட்டைப் பனை வளருமாம், அதன் ஓலை கூரைக்கு, அதன் கள் புளித்து வினிகருக்கு. மழை பிடித்ததும் நடவு. நாற்று வேர்விட்ட பிறகு அதே ஆள் படகை எடுத்துக்கொண்டு மீனுக்குப் போய்விடுவான்.

"அப்ப அவன் விவசாயியா, மீனவனா?" என்று கேட்டேன்.

"காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாத்துட்டுச் சொல்றேன்" என்றார் ஆத்தே, துணியை மடித்துக்கொண்டே.

புயலடித்துக் கடல் உள்ளே ஏறிவிட்டால் கரையோர வயலெல்லாம் உப்பாகிவிடும். நல்ல மழை பெய்து உப்பைக் கழுவும்வரை அங்கே நெல் வராது. அதுவரை அந்த வீடுகளில் மீனும் மரவள்ளிக்கிழங்கும்தான். ஊரில் எருமைக்கு மத்தியானம் குளியல் தப்பினால் அது அப்புறம் ஏர் இழுக்காதாம். எங்கள் வீட்டில் இரண்டாவது காப்பி தப்பினாலும் அதே கதைதான் என்றேன். இது என் கணவருக்கு இன்றுவரை தெரியாது.

இப்படி ஊரெல்லாம் சுற்றிக் காட்டுவார். சாலையோரத்தில் ஒரு மூங்கில் கேட் வரும். அது அவருடைய வீடு. அங்கே வந்ததும் பேச்சு நின்றுவிடும், மெஷினில் துணி ஆயிற்றா என்று பார்க்கப் போய்விடுவார். கேட்டுக்கு உள்ளே ஜாய் இருந்தாள். நடை பழகியிருந்த குழந்தையைத் தன் அக்காவிடம் விட்டுவிட்டு ஆத்தே இங்கே வேலைக்கு வந்திருந்தார். க்ரீன் கார்டு கைக்கு வந்தால்தான் குழந்தையைக் கூட்டிவரலாம். அது வருவேனா என்று இழுத்துக்கொண்டிருந்தது. புருஷன் இல்லை, ஏன் இல்லை என்று நான் கேட்கவில்லை.

ஒரு கோடையில் எனக்கு வடாம் போடுகிற ஆசை வந்தது. ஆசை என்ன, வீம்புதான். அமெரிக்காவில் வெயில் இல்லையா என்ன? ஜவ்வரிசியைக் கூழாகக் காய்ச்சி எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய், தார் பூசிய தரையில் பெட்ஷீட் விரித்து வரிசையாக ஊற்றிவிட்டு வந்தேன். மத்தியானம் திடீரென்று வானம் கறுத்துவிட்டது. நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். ராத்திரி வேலை முடித்து வந்து தூங்கிக்கொண்டிருந்த ஆத்தே, எதிர்க் கதவைத் திறந்துகொண்டு, நைட்டியோடு, எனக்கு முன்னால் படியேறிப் போனார். நான் மூச்சிரைக்க மேலே போய்ச் சேர்ந்தபோது பெட்ஷீட்டின் நாலு மூலையும் முடிச்சாகி மூட்டை அவர் தோளில் இருந்தது. அரைகுறையாகக் காய்ந்த வடாம் ஒன்றோடொன்று ஒட்டிப் பிண்டமாகிவிட்டது, அது வேறு விஷயம். ஒரு சொட்டு நனையவில்லை.

மாடிக் கதவுக்கு உள்பக்கம் படியில் உட்கார்ந்தோம். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"எங்க ஊர்ல அறுப்பு முடிஞ்சா நெல்ல ரோட்டுலதான் காயவைப்போம்" என்றார். "பாதி ரோடு நெல்லுக்கு, பாதி ரோடு பஸ்ஸுக்கு. மேகம் கறுத்தா யாராவது ஒருத்தர் கத்துவாங்க, அள்ளுன்னு. அவ்வளவுதான். டீச்சர் க்ளாஸ விட்டு வருவாங்க. பாதிரியார் அங்கியத் தூக்கிக் கட்டிட்டு வருவார். பஸ்ஸ நிறுத்தி, உள்ள இருக்கறவங்களும் இறங்கி அள்ளுவாங்க. யார் வீட்டு நெல்லுன்னு கேக்கக் கூடாது. சண்டக்காரன் நெல்லா இருந்தாலும் முதல்ல அள்ளணும். நெல் உள்ள போனப்புறம் சண்டைய விட்ட எடத்துலேர்ந்து ஆரம்பிச்சுக்கலாம்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"நான் கிளம்பின அன்னிக்கும் மழை வந்துது. சந்தையில பஸ் ஏறிட்டேன். பஸ் சரியா எங்க வீட்டு வாசல்ல நின்னுது. எங்க அக்கா நெல்லு ரோட்டுல கிடந்துது. எல்லாரும் இறங்கினாங்க. புது ஷூவோட நானும் இறங்கி அள்ளினேன். குழந்தை உள்ள தூங்கிட்டிருந்தா. முழிச்சா விடமாட்டான்னு அவ தூங்கறப்பவே கிளம்பியிருந்தேன். கேட் இதோ இந்தப் படிக்கட்டு தூரம். அள்ளி முடிச்சோம், மறுபடி பஸ்ல ஏறிட்டேன்."

ஒரு தடவை உள்ளே போய்ப் பார்த்திருக்கலாமே என்று என் வாய் வரை வந்தது. என் முகத்தைப் பார்த்தே அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"போயிருந்தா வந்திருக்கமாட்டேன்" என்றார்.

எனக்குத்தான் அழுகை வந்தது. அவர் வடாம் மூட்டையை என் மடியில் வைத்துவிட்டு, மிச்சத் தூக்கத்தைத் தூங்கக் கீழே போய்விட்டார்.

அப்புறம் ஒரு வழியாக ஜாய் வந்தாள். முன்பல் விழுந்த வயது. பெரியம்மாவை அம்மா என்று கூப்பிட்டு வளர்ந்த பெண், ஏர்போர்ட்டில் பெற்றவளைப் பார்த்து "ஆன்ட்டி" என்றாள். யாராவது அந்த ஊர்ப் பேச்சை எடுத்தால் போதும், தன் குட்டிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்பாள், வீட்டுக்குப் போகணும் என்பாள்.

"கொஞ்ச நாளைக்கு ஊர் பேச்சு வேண்டாம், சரியா?" என்றார் ஆத்தே என்னிடம். நான் தலையாட்டினேன். ஒரு நாள், கையெல்லாம் பாத்திரம் தேய்த்த நுரையோடு வந்து என் கதவை முழங்கையால் இடித்தார். "அம்மான்னு கூப்ட்டா" என்றார். இருவருமாக நின்று சிரித்தோம், அழுதோம், ஜாய் எங்களைப் பைத்தியங்களைப் பார்ப்பது போலப் பார்த்தாள். அதற்கப்புறமும் ஊர்ப் பேச்சு வரவில்லை. வந்ததை மறுபடி இழக்க யாருக்குத் துணிச்சல் வரும்? கொஞ்ச நாள் என்றது அப்படியே ஆயுசுக்கும் ஆகிவிட்டது. பெற்ற பெண்ணுக்குச் சொல்லாத ஊர், அரிசியைத் தவிர எதையும் அறியாத ஒரு மாம்பலத்துக்காரியிடம் வந்து தங்கிவிட்டது.

இப்போது அந்தச் செங்கல் கட்டடம் இல்லை. அந்த இடத்தில் உயரமாக ஒரு கண்ணாடிக் கட்டடம். மொட்டைமாடியில் நீச்சல்குளம் இருக்கிறதாம், என் மகன் காட்டினான். லாண்டரி இருந்த இடத்தில் நாய்களைக் குளிப்பாட்டுகிறார்கள். வடாமை நான் எடிசனில் இந்தியக் கடையில் பாக்கெட்டாக வாங்குகிறேன். ஜாய் அனுப்பிய பக்கத்தின் கடைசியில் பெருமையாக ஒரு வரி: சாலையை அகலப்படுத்திவிட்டார்கள், நெல்லை இப்போது மெஷினில் காயவைக்கிறார்கள். நல்ல விஷயம்தான். மழை வந்தால் இனி அங்கே யாரும் பஸ்ஸை விட்டு இறங்க வேண்டாம்.

"நெல்லு, ஜாய்" என்றேன் போனில். "ரோட்டுல காயற நெல்ல அள்ளச் சொல்றாங்க." கடலிலிருந்து ஆரம்பித்து, தென்னை, சர்ச், சந்தை, சாலை என்று மூங்கில் கேட் வரை கூட்டிக்கொண்டு போனேன். பஸ் நின்ற நாளையும் சொல்லிவிட்டேன். சொல்லலாமா என்று யோசித்தேன். இத்தனை வருஷம் பூட்டி வைத்தது போதும் என்று தோன்றியது. கடைசிவரை கேட்டுக்கொண்டாள். அப்புறம், "தேங்க்ஸ் ஆன்ட்டி" என்று வைத்துவிட்டாள். எனக்கு அன்று முழுக்க ஒரு வேலையும் ஓடவில்லை.

அடுத்த வாரம் அவளே கூப்பிட்டாள்.

"நேத்து மழை வந்துது. நானும் பெட்ஷீட் எடுத்துட்டு அம்மா கூட ட்ரைவ்வேக்குப் போனேன். ரெண்டு பேரும் குனிஞ்சு வெறுந்தரைய அள்ளினோம். எதிர் வீட்டுக்காரர் காரை நிறுத்திட்டு ஓடி வந்தார். என்னன்னு கூடக் கேக்கல, அவரும் குனிஞ்சு அள்ள ஆரம்பிச்சுட்டார். நாலு மூலையும் முடிச்சுப் போட்டு உள்ள கொண்டுவந்துட்டோம்."

"ஆத்தே என்ன பண்ணாங்க?"

"மூட்டையத் தொட்டுப் பாத்தாங்க. காஞ்சிருக்குன்னாங்க போல. அழல ஆன்ட்டி. சோபாவில உக்காந்து, குழந்தை முழிச்சுட்டாளான்னு கேட்டாங்க. அந்த வார்த்தை எனக்குத் தெரியும்."

"நீ என்ன சொன்னே?"

"முழிச்சுட்டேம்மான்னு சொன்னேன்."